நாலு நிமிசம் பன்னிரண்டு செக்கன்

விசுவமடுத் திருவிழாவுக்குப்
பாட்டுப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். மூன்று பிரதி.
முதலடி, பாடுபவர் பெயர், அடையாள அட்டை இலக்கம்.
சவுண்ட் சேர்விஸ்காரன் நான்.
கீழே என் கையெழுத்து.

நாதஸ்வரத்துக்கு என்ன எழுத?
"வரி எங்க?" என்கிறார் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்.
வரி இல்லை ஐயா, ஊதுறது மட்டும்தான்.
"அப்ப எதை மறைக்கிறீங்க?"
வித்துவான் குகபாலன் சீவாளியைத் துடைத்தபடி
கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கடைசியில் எழுதினேன்:
தோடி. வரிகள்: காற்று.
முத்திரை விழுந்தது.

அந்தோனியார் கோயிலடி மர்வினின் பைலாவில்
அரிசி விலை வருகிறது. அந்த ஓரடியை வெட்டச் சொன்னார்கள்.
வெட்டினான்.
அந்த இடத்தில் இரண்டு தரம் கைதட்டுகிறான்.
இப்போது சனம் கைதட்டலுக்கே சிரிக்குது,
விலை சொன்னபோது சிரிக்காத சனம்.

பிறகு கஜானன். தர்மபுரம். பத்தொன்பது வயது.
சொல்லிசை என்கிறான், எனக்கு அது
மூச்சு விடாமல் கடன்காரனோடு கதைப்பதுபோல் கேட்கும்.
'அண்ணா எங்கே' என்று பதினொரு தடவை வருகிறது அதில்.
சிவப்புப் பேனை மேலும் கீழும் போய்
'எங்கே'யில் நின்றது.
அண்ணா இருக்கலாம்.
எங்கே கூடாது.

"நீங்களே நிப்பாட்டி விடுங்கோ அண்ணை,
உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

தெரியும்தான். எவ்வளவு தெரியும் என்று
பெடியனுக்குத் தெரியாது.

தொண்ணூற்றேழில் மல்லாவியில்
முந்தின காரியாலயத்தில் எனக்கொரு மேசை இருந்தது.
வெள்ளைச் சீனி இல்லாத தேத்தண்ணி,
கடதாசிப் பெட்டி நிறையக் கசற்.
காதல் பாட்டு சனத்தைச் சோர்வாக்கும் என்றார்கள்.
நான் நம்பினேன். நம்பினேனா என்று
இப்போது கேட்டால் தேத்தண்ணியைத்தான் சொல்லுவேன்.

சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ ஓடும்.
சிவப்புப் பொத்தானை அமத்தி
பாட்டின் மேல் மௌனத்தைப் பதிவேன்.
சுற்றுபவன் களைத்தால் பாட்டு இழுபடும்.
மௌனம் இழுபடுவது
ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரித் தாதி மெற்றில்டா
தன் கசற்றை எடுக்க வந்தாள்.
எதை அழிச்சனீங்கள்?
நாலாவது.
"அதுக்காகத்தானே கசற்றே வாங்கினது."
சண்டை பிடிக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள்.

மாரியில் எனக்கு மலேரியா. அவளுடைய வார்ட்டில் கிடந்தேன்.
மூன்றாவது பாட்டு முடிந்தது,
அவள் றேடியோவை நிப்பாட்டவில்லை.
ஓலைக் கூரையில் மழை.
காயக்காரர் ஒருவரும் கதைக்கவில்லை.
நாலு நிமிசம் பன்னிரண்டு செக்கன்.
ஐந்தாவது தொடங்கும்போது
அவள் ஊசிகளைக் கழுவி முடித்திருந்தாள்,
என்னை ஒருதரமும் பாராமல்.

இண்டைக்கு இரவு
மேடைக்குப் பக்கத்தில் மிக்சர், என் விரல், பட்டியலோடு ஒருவர்.
கஜானன் அண்ணா என்கிறான்.
நான் இறக்குகிறேன்.
ஜெனரேற்றர் மட்டும் இரையுது.
முன்வரிசைப் பெண்கள் பாடுபவனை விட்டுவிட்டு
ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்க்கத் தொடங்கினார்கள்,
அதுக்குள்ளே ஆரையோ அடைத்து வைத்ததுபோல்.
இரண்டு. ஐந்து. எட்டு.
ஒவ்வொன்றுக்கும் அவர் சரி போடுகிறார்.
பத்து.

பதினோராவதுக்கு விரல் போகவில்லை.

வேண்டுமென்றா என்று கேட்காதேங்கோ,
அவ்வளவு துணிவு எனக்கு எப்போதும் இருந்ததில்லை.
வயது ஐம்பத்தெட்டு. வலக்கை மூட்டு வீக்கம்.
நாளைக்குக் காலமை அப்படித்தான்
எழுதிக் கொடுப்பேன்,
மூன்று பிரதி.